உலோகம் சீவப்படும் விதம்

சீவுதல் என்னும் சொல் தமிழர் வாழ்வில் பலவிடத்தும் வழங்குவது. பாளை சீவப்படுகின்றது, இளநீர் சீவப்படுகின்றது, வெற்றிலைத் தட்டிலே பாக்குச் சீவல் இருக்கின்றது, தச்சனுடைய சீவுளியிலிருந்து மரச்சீவல் சுருண்டு விழுகின்றது. இத்தொழில்கள் யாவற்றிலும் கூரிய அலகொன்று பொருளின் மேற்படையை மெல்லியதாக எடுத்துவிடுகின்றது. இரும்பும் பித்தளையும் உருக்கும் பட்டறையிலே உருப்பெறும்போது நிகழ்வதும் வெளிப்பார்வைக்கு இதுவே. ஆயின், உலோகத்துள்ளே நடைபெறும் செயல் மரத்திலோ பாக்கிலோ நடைபெறும் செயலினின்றும் முற்றும் வேறானது. அவ்வேறுபாட்டை அறிஞர் தெளிவாக உணர்வதற்கு ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் சென்றன. அதற்குச் சான்றாய் இருந்தது, பட்டறையைக் கூட்டும்போது குப்பையென ஒதுக்கப்படும் உலோகச் சீவலேயாகும்.

உலோகத்தைச் சீவும் கலை மனித வாழ்வுக்கு எத்துணை இன்றியமையாதது என்பதற்கு வரலாற்றிலிருந்து ஓர் எடுத்துக்காட்டுப் போதும். ஜேம்ஸ் வாட் கண்ட நீராவிப் பொறி சில ஆண்டுகள் நன்கு பயன்படாதிருந்தது. உருளையின் உட்புறம் செம்மையான வட்டமாக அமையாமையால், முசலத்தின் ஓரமாக நீராவி கசிந்து வீணாயிற்று. 1775 ஆம் ஆண்டளவில் ஜோன் வில்கின்சன் என்பார் உருளைகளின் உட்புறத்தைக் குடைந்தெடுக்கும் பொறியொன்றை அமைத்தார். 50 அங்குல விட்டமுடைய பேருருளை ஒன்றில் எவ்விடத்தும் பிழையானது பழைய சில்லிங் நாணயமொன்றின் தடிப்பளவுக்கு இல்லையென்று, வாட்டின் பங்காளரான மத்தியூ போல்டன் 1776 ஆம் ஆண்டில் எழுதினார். நீராவிப் பொறி நடைமுறைக்கு வந்தது. சுரங்கங்களிலே நீரிறைத்தலும், பின்னர் ஆலைகளை ஓட்டுதலும் அதனால் இயன்றன. சைக்கிளின் அச்சும், தையற்பொறியின் தண்டும், கடிகாரத்தின் பற்சில்லும் இன்றும் தம் இறுதி அளவைப் பெறுவது பெரும்பாலும் சீவப்படுவதாலேயாம்.

பட்டறைகளில் ‘லேத்’ என வழங்கும் கடைசற்பொறியை எடுத்துக்கொண்டால் இச்செயல் எளிதில் விளங்கும். வேலைப்பொருளாகிய உலோகத் தண்டு இறுகப் பிடிக்கப்பட்டுத் தன் அச்சிலே சுழல்கின்றது. உறுதியாகப் பொருத்தப்பட்ட உளியொன்று அதன் பக்கத்தே அழுந்தி, மெல்ல மெல்ல நகர்கின்றது. உளியின் நுனி ஆப்புப் போன்றது. சீவல் ஏறிச் செல்லும் மேற்பக்கத்தை உளியின் முகம் எனலாம். அம்முகம் பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் அளவு முகச்சாய்வு ஆகும். உளியின் அடிப்பக்கம் புதிதாகச் சீவப்பட்ட பரப்பிலே உரையாதிருத்தற்காகச் சில பாகை விலகியிருக்கும். முகச்சாய்வு, அடிவிலகல், சீவப்படும் படையின் தடிப்பு, வேகம் ஆகிய இந்நான்கையும் மனத்திலிருத்தினால் மேலே கூறப்படுவனவற்றைத் தொடர்ந்து செல்லுதல் எளிது.

உளியின் நுனி ஆப்பைப் போன்றிருத்தலால், அது ஆப்பைப் போலவே தொழிற்படுகின்றது என்று கருதுவது இயல்பு. பனையைப் பிளந்து சலாகை எடுப்பவர், கோடரியால் ஒரு வெடிப்பை உண்டாக்கி ஆப்பை அடித்திறக்குவர். வெடிப்பானது ஆப்பின் நுனிக்கு முன்னாலே ஓடுகின்றது. ஆப்பின் கூர்மை மழுங்கினும் பிளவு நிற்பதில்லை. உலோகத்திலும் உளியின் நுனிக்கு முன்னே நுண்ணிய வெடிப்பொன்று ஓடிச் செல்கின்றது என்றும், உளி அப்பிளவை அகற்றும் வேலையையே செய்கின்றது என்றும் கருதியோர் உளர். பொறிகளின் இயக்கவியலை வகுத்த ஜெர்மானியப் பேரறிஞர் பிரான்ஸ் ரோலோ 1900 ஆம் ஆண்டிலும் இக்கருத்தையே வெளியிட்டார்.

உண்மை அதற்கு முன்னரே ஒருவாறு வெளிப்பட்டிருந்தது. உருசிய நாட்டின் சுரங்கவியற் பேராசிரியர் இவான் தீமே 1870 ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், சீவலானது பிளவுபடுவதால் அன்று, உளிக்கு முன்னே சாய்வான ஒரு தளத்தில் உலோகம் படைபடையாகச் சறுக்குவதால் உண்டாகின்றது என எடுத்துக்காட்டினார். 1881 ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ஆர்னல்ப் மல்லொக் என்பாரும் இம்முடிவுக்கே வந்தார்; உளியின் முகத்திற்கும் சீவலுக்கும் இடையேயுள்ள உராய்வு பெரிதும் கருதத்தக்கது என்பதையும் அவர் கூறினார். இருப்பினும் இவர்தம் கருத்துக்கள் உலகெங்கும் பரவவில்லை. அறிவியலில் உண்மை ஒருமுறை கூறப்பட்டதனாலே மட்டும் நிலைபெற்றுவிடுவதில்லை என்பதற்கு இதுவும் ஒரு சான்று.

சறுக்கல் என்பதன் பொருள் யாது? புதிய சீட்டுக்கட்டு ஒன்றைச் சற்றே சாய்வாக அடுக்கி வைத்து, அதன் ஒரு பக்கத்தை ஆப்புப் போன்ற பலகையால் தள்ளுவதாகக் கொள்வோர், பலகை அணுகும்போது முதற்சீட்டு அடுத்த சீட்டின்மேற் சிறிது சறுக்கி மேலேறுவதையும், பின்னர் இரண்டாவது, மூன்றாவது என ஒவ்வொன்றும் முறையே அவ்வாறு செய்வதையும் காண்பர். சீட்டுக்கள் எவையும் கிழியவில்லை; கட்டின் வடிவமே மாறிவிடுகின்றது. பின்லாந்து நாட்டைச் சேர்ந்த வைனோ பீஸ்பனென் 1937 ஆம் ஆண்டில் இவ்வுவமையினாலேயே சீவலின் பிறப்பை விளக்கினார். உளி முன்னேற முன்னேற அதன் எதிரேயுள்ள உலோகம் நெருக்குண்டு, தாங்கும் எல்லையைக் கடந்ததும், நுனியிலிருந்து மேற்பரப்பை நோக்கிச் செல்லும் சாய்தளத்தில் ஒரு மெல்லிய படையாகச் சறுக்குகின்றது. அதன்பின் அடுத்த படை சறுக்குகின்றது. இவ்வாறு சறுக்கிய படைகளின் தொகுதியே சீவல்.

உலோகம் மரம்போலப் பிளவாது சறுக்குவதேன் என்ற வினா இங்கே எழும். உலோகம் நுண்ணிய பளிங்குகளின் திரள். பளிங்கினுள் அணுக்கள் ஒழுங்கான தளங்களில் அடுக்கப்பட்டுள்ளன. மிகுந்த விசை தாக்கும்போது ஒரு தளம் மற்றொரு தளத்தின்மீது நகரக்கூடும். நகர்ந்த பின்னரும் அணுக்களிடையேயுள்ள பிணைப்பு அற்றுப்போவதில்லை. பொற்கொல்லர் தங்கத்தைக் கம்பியாக இழுப்பதும் தகடாக அடிப்பதும் இப்பண்பினாலேயாம். ஒரு தளம் முழுவதும் ஒரே நேரத்தில் நகராது, அணு அடுக்கிலுள்ள சிறு ஒழுங்கீனமொன்று படிப்படியாகத் தளத்தைக் கடந்து செல்வதாலேயே இந்நகர்வு நிகழ்கின்றது என்பதை 1934 ஆம் ஆண்டில் ஒரோவான், பொலானி, ஜி. ஐ. டெயிலர் ஆகிய மூவரும் தனித்தனியே விளக்கினர்.

சீவலைக் கையிலெடுத்து ஆராய்வோர்க்கு இக்கொள்கையின் மெய்ம்மை உடனே புலப்படும். முதலாவது சான்று அளவு பற்றியது. 0.2 மில்லிமீற்றர் தடிப்புள்ள படையைச் சீவியெடுத்தாற் சீவலின் தடிப்பு 0.2 மில்லிமீற்றராக இருப்பதில்லை. மென்னுருக்கில் அது 0.5 மில்லிமீற்றராக இருத்தல் கூடும். தடிப்பு இரண்டரை மடங்காயிற்று. ஆனால் உலோகத்தின் கனவளவோ கூடவில்லை. அகலமும் ஏறத்தாழ மாறவில்லை. ஆகவே நீளமே குறைந்திருத்தல் வேண்டும். 1 மீற்றர் நீளமான பரப்பைச் சீவினால் 40 சதமமீற்றர் நீளமான சீவலே கிடைக்கும். பிளவினால் உண்டாகும் சிராய் தான் பிரிந்த இடத்தின் நீளத்தையே கொண்டிருக்கும். உலோகச் சீவல் குறுகித் தடித்திருப்பது, அது சறுக்கி உருமாறியது என்பதற்கு அழிக்கமுடியாத சான்றாகும்.

இவ்விரு தடிப்புக்களையும் அளந்தறிந்தால், கண்ணாற் காணவியலாத சறுக்கல் தளத்தின் சாய்வையும் கணக்கிடலாம். மேற்கூறிய எடுத்துக்காட்டில் உளியின் முகச்சாய்வு சுழியமாயின், சறுக்கல் தளம் ஏறத்தாழ 22 பாகை சாய்ந்திருக்கும். அத்தளத்தைக் கடக்கும்போது 1 அலகு தடிப்புள்ள உலோகப் படை ஏறத்தாழ 2.9 அலகு தூரம் சறுக்குகின்றது. மென்னுருக்குக் கம்பியொன்றை இழுத்துப் பார்த்தால் தன் நீளத்தின் நாலிலொரு பங்களவு நீண்டதும் அது அறுந்துவிடக்கூடும். அத்தகைய உலோகமே உளியின் முன்னே இத்துணைப் பெரிய உருத்திரிபை, விநாடியின் பத்தாயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைந்த நேரத்தில், அறாது தாங்கிக்கொள்கின்றது. சறுக்கல் தளத்தில் நெருக்கும் அழுத்தம் உடனிருப்பதே அதற்குத் துணையாகின்றது.

இரண்டாவது சான்று சீவலின் இரு பக்கங்களில் உள்ளது. உளியின் முகத்தில் உரைந்து வந்த பக்கம் பளபளப்பாகவும் வழவழப்பாகவும் இருக்கும். மறுபக்கமோ மங்கலாகவும், உருப்பெருக்கியிற் பார்க்குமிடத்துப் படிபடியான நுண்வரிகள் உடையதாகவும் இருக்கும். அவ்வரிகள் சறுக்கிய படைகளின் விளிம்புகளே. உளியைத் திடீரென விலக்கி, பாதி உருவான சீவலை வேலைப்பொருளோடு சேர்த்து வெட்டி, மெருகிட்டு நுணுக்குக்காட்டியில் நோக்கிய ஆராய்ச்சியாளர், பளிங்குகள் ஒருபுறமாக இழுபட்டு நீண்டு கிடப்பதை நேரிலே கண்டனர். நீளும் இயல்புள்ள உலோகங்களில் நுனிக்கு முன்னே ஓடும் வெடிப்பெதனையும் அவர் காணவில்லை.

பளபளப்பான பக்கம் மற்றொரு செய்தியையும் உணர்த்துகின்றது. உளிமுகத்தில் அழுத்தம் மிகப் பெரிது. சீவலின் அடிப்புறமோ அப்போதே வெளிப்பட்ட தூய உலோகம். அங்கே காற்றும் எண்ணெயும் புகுதல் அரிது. ஆதலால் அவ்விடத்து உராய்வு சாதாரணமாகப் பொருள்கள் ஒன்றோடொன்று உரைவதினும் மிக வலியது. ஐக்கிய அமெரிக்காவின் சின்சினாட்டி நகரில் ஆராய்ந்த ஹான்ஸ் ஏர்ன்ஸ்ட், யூஜின் மேர்ச்சன்ட் ஆகிய இருவரும், 1941 ஆம் ஆண்டிலும் அதனையடுத்தும் வெளியிட்ட கட்டுரைகளில், இவ்வுராய்வுக்கும் சறுக்கல் தளத்தின் சாய்வுக்கும் உள்ள தொடர்பைக் கணித முறையில் நிறுவ முயன்றனர். உராய்வு கூடுந்தோறும் சறுக்கல் தளம் தாழ்ந்து நீள்கின்றது, நீண்ட தளத்திற் சறுக்குவிப்பதற்கு மிகுந்த விசை வேண்டும், சீவலும் தடிக்கின்றது. முகச்சாய்வைக் கூட்டினால் இதற்கு மாறானது நிகழ்கின்றது. மேர்ச்சன்ட் 1945 ஆம் ஆண்டில் வெளியிட்ட சமன்பாட்டின்படி, சறுக்கல் தளத்தின் சாய்வை இருமடங்காக்கி, உராய்வுக் கோணத்தைக் கூட்டி, முகச்சாய்வைக் கழித்தால் 90 பாகை வருதல் வேண்டும். 1951 ஆம் ஆண்டில் லீ, ஷாபர் என்னும் இருவர் வேறொரு சமன்பாட்டை வெளியிட்டனர். இவ்விரண்டில் எதுவும் எல்லா உலோகங்களுக்கும் துல்லியமாகப் பொருந்தவில்லை. எனினும் இவை காட்டிய திசை சரியானது. உளியைக் கூர்மையாக்குவது மட்டும் போதாது, அதன் முகத்தைச் செம்மையாக மெருகிடுதலும் வேண்டும் என்று அனுபவமுள்ள தொழிலாளர் கூறிவந்தமைக்குக் காரணம் இப்போது விளங்கிற்று.

இனி வெப்பத்தின் செயல் கருதற்பாலது. சீவும்போது வெப்பம் உண்டாவதை ஆராய்ந்து உலகின் அறிவியற் கொள்கையையே மாற்றியவர் ரம்போர்ட் பிரபு. மூனிக் நகரத்துப் படைக்கலச்சாலையிற் பீரங்கிகளைக் குடையும்போது வெளிப்பட்ட வெப்பம் அவரை வியக்கவைத்தது. வெப்பம் ஒருவகைப் பாய்பொருள், உலோகம் சீவலாகச் சிதையும்போது அதிலிருந்து அப்பாய்பொருள் கசிகின்றது என்பது அக்காலக் கொள்கை. அது மெய்யாயின், சீவலின் வெப்பங்கொள்ளும் திறன் முழு உலோகத்தினதிலும் வேறுபட்டிருத்தல் வேண்டும். ரம்போர்ட் சீவலையும் அதே உலோகத்தின் துண்டுகளையும் ஒரே வெப்பநிலைக்குச் சூடாக்கித் தண்ணீரில் இட்டு ஒப்புநோக்கினார். இரண்டும் ஒன்றாகவே இருந்தன. பின்னர், மழுங்கிய குடையுளியொன்றை நீருள் வைத்துக் குதிரைகளால் இயக்கி, நெருப்பேதுமின்றி இரண்டரை மணி நேரத்தில் அந்நீரைக் கொதிக்கச் செய்தார். வேலை ஓயாதவரையில் வெப்பமும் ஓயவில்லை. ஆகவே வெப்பம் பொருளன்று, இயக்கத்தின் விளைவே என 1798 ஆம் ஆண்டில் இலண்டன் அரச கழகத்தின் முன் அவர் அறிவித்தார்.

சீவுதலிற் செலவாகும் ஆற்றல் ஏறத்தாழ முழுவதும் வெப்பமாகின்றது. அதில் முக்காற்பங்களவு சறுக்கல் தளத்திலும், எஞ்சியதிற் பெரும்பகுதி உளிமுகத்தின் உராய்விலும் தோன்றும். ஒரு கன மில்லிமீற்றர் மென்னுருக்கைச் சீவுவதற்கு 2 யூல் ஆற்றல் செலவாவதாகவும், அது முற்றும் அச்சீவலிலேயே தங்குவதாகவும் கொண்டாற் சீவலின் வெப்பநிலை ஏறத்தாழ 500 பாகை செல்சியஸ் உயரும். நடைமுறையில் ஒரு பகுதி வேலைப்பொருளுக்கும் உளிக்கும் செல்கின்றது. எனினும் வேகமாகச் சீவும்போது பெரும்பங்கு வெப்பத்தைச் சீவலே சுமந்துகொண்டு வெளியேறுகின்றது. இஃது ஒரு நற்பேறேயாகும். அவ்வெப்பம் தண்டிலே தங்குமாயின் அது விரிந்து அளவு பிழைக்கும். உளியிலே தங்குமாயின் அதன் வன்மை அழியும்.

உருக்குச் சீவலின் நிறமும் வெப்பத்தையே உணர்த்துகின்றது. சூடான பரப்பு வளியிலுள்ள ஒட்சிசனோடு சேர்ந்து மெல்லிய ஒட்சைட்டுப் படலத்தை உண்டாக்குகின்றது. படலத்தின் தடிப்புக்கேற்ப வைக்கோல் நிறம், கபில நிறம், ஊதா, நீலம் என நிறங்கள் மாறித் தோன்றும். உளியைப் பதப்படுத்தும் கொல்லர் இந்நிற வரிசையை நன்கறிவர். அவர் கணக்கில் வெளிர்வைக்கோல் நிறம் ஏறத்தாழ 220 பாகையையும், நீலம் ஏறத்தாழ 300 பாகையையும் குறிக்கும். சீவல் கணநேரமே சூடாயிருத்தலால் இவ்வளவுகள் அதற்கு அப்படியே பொருந்தா. ஆயினும் வெள்ளையாக வந்த சீவல் நீலமாக மாறினால், வெப்பம் ஏறிவிட்டது என்பதில் ஐயமில்லை.

எல்லா உலோகமும் ஒரே வகைச் சீவலைத் தருவதில்லை. ஏர்ன்ஸ்ட் 1938 ஆம் ஆண்டில் இவற்றை மூவகையாக வகுத்தார். முதலாவது துண்டுச் சீவல். வார்ப்பிரும்பினுள்ளே பென்சிலில் உள்ள காரீயம் மெல்லிய செதில்களாகப் பரவிக் கிடக்கின்றது. அச்செதில்கள் வலுவற்றவை, ஆதலாற் படை சறுக்கத் தொடங்கியதும் முறிந்து, சீவல் பொடியாகவும் சிறு துண்டுகளாகவும் உதிர்கின்றது. பித்தளையில் ஈயமும் உருக்கிற் கந்தகமும் சிறிதளவு சேர்க்கப்படுவது, சீவல் நீளாமல் எளிதாக முறிவதற்கேயாம். கந்தகம் மங்கனீசோடு கூடி உருக்கினுள் மென்மையான துணிக்கைகளாக அமைந்து அவ்வேலையைச் செய்கின்றது.

இரண்டாவது தொடர்சீவல். மென்னுருக்கு, செம்பு, அலுமினியம் போன்றவற்றைக் கூரிய உளியாலும் தகுந்த வேகத்தாலும் சீவும்போது, நாடா போன்ற சீவல் அறாது வெளிவரும். சீவப்பட்ட பரப்பு அழகாக அமையும். மூன்றாவது, ஒட்டுமுனையோடு கூடிய தொடர்சீவல். குறைந்த வேகத்திலே, மிகுந்த அழுத்தத்தாற் சீவலின் ஒரு சிறு பகுதி உளியின் நுனியில் ஒட்டிக்கொள்கின்றது. உருத்திரிபினால் வன்மையேறிய அப்பகுதி தானே உளிபோற் சீவத் தொடங்கும். சிறிது சிறிதாக வளரும். பின்னர் உடைந்து, ஒரு பகுதி சீவலோடும் மற்றொரு பகுதி வேலைப்பொருளின் பரப்போடும் சென்றுவிடும். பரப்பு சொரசொரப்பாகும். உளியைத் தீட்டினும் இக்குறை நீங்காதெனக் கண்டு மனஞ்சலிப்போர் உளர். பெரும்பாலும் இதற்கு மருந்து, வேகத்தைக் கூட்டுதலோ, முகச்சாய்வை மிகுத்தலோ, ஏற்ற எண்ணெயைப் பயன்படுத்துதலோ ஆகும்.

பின்னாளில் நான்காவது வகையொன்றும் முதன்மை பெற்றது. வானூர்திகளுக்குப் பயன்படும் தைத்தேனியக் கலவைகள் வெப்பத்தை எளிதிற் கடத்துவதில்லை. சறுக்கல் தளத்திலே தோன்றிய வெப்பம் அவ்விடத்திலேயே அடைபட்டு, அப்படையை மட்டும் மென்மையாக்குகின்றது. மென்மையான படையிலேயே மேலும் சறுக்கல் நிகழ்ந்து, பின்னர் அடுத்த படைக்குத் தாவுகின்றது. சீவல் வாளின் பற்களைப் போல அமைகின்றது. இவ்வுலோகத்தை வேகமாகச் சீவ முயன்றால் உளி விரைவில் அழிந்துவிடும்.

உளியின் ஆயுளை முறையாக ஆராய்ந்தவர்களுள் முதன்மையானவர் அமெரிக்கராகிய பிரெடெரிக் வின்ஸ்லோ டெயிலர் ஆவர், முற்கூறிய ஜி. ஐ. டெயிலர் வேறொருவர். பிரெடெரிக் டெயிலர் பிலடெல்பியா நகரின் மிட்வேல் உருக்காலையில் 1880 ஆம் ஆண்டில் ஆராய்ச்சியைத் தொடங்கி, 26 ஆண்டுகளின் பின்னர், 1906 ஆம் ஆண்டு இறுதியில் அமெரிக்கப் பொறியியலாளர் சங்கத்தின் முன் அதன் பயனை வெளியிட்டார். அக்காலத்துள் 800,000 இறாத்தலுக்கு மேற்பட்ட இரும்பும் உருக்கும் சீவலாக்கப்பட்டன. 30,000 க்கு மேற்பட்ட பரிசோதனைகள் பதியப்பட்டன. வேகத்துக்கும் உளியின் ஆயுளுக்கும் உள்ள தொடர்பை அவர் ஒரு சிறு சமன்பாட்டில் அடக்கினார். அதன் பொருள் மிக எளியது: வேகம் சிறிது கூடினும் ஆயுள் பெரிதும் குறையும். அதிவேக உருக்காலான உளியில் வேகத்தைப் பத்திலொரு பங்கு கூட்டினால் ஆயுள் பாதிக்கும் கீழே இறங்கக்கூடும். வேகத்தை இருமடங்காக்கினால் ஏறத்தாழ 250 இல் ஒரு பங்காகிவிடும். சீவுமிடத்தில் நீரைத் தாரையாகப் பாய்ச்சினால் வேகத்தை நூற்றுக்கு 30 முதல் 40 வரை உயர்த்தலாம் என்பதையும் அவர் கண்டறிந்தார்.

அதிவேக உருக்கு என்பதும் டெயிலரும் மவுன்செல் வைட் என்பாரும் கூடிக் கண்டதேயாகும். காபன் உருக்காலான பழைய உளிகள் 200 முதல் 250 பாகைக்கு மேற் சூடேறினால் வன்மையை இழந்துவிடும். தங்குதனும் குரோமியமும் சேர்ந்த உருக்கை, அதுவரை தொழிலாளர் அஞ்சி விலக்கிய உயர்ந்த வெப்பநிலைக்கு, உருகும் நிலையை அண்மிக்கும்வரை சூடாக்கிக் குளிரவைத்தால், அது ஏறத்தாழ 600 பாகையிலும் வன்மை குன்றாதென அவர்கள் கண்டனர். 1900 ஆம் ஆண்டில் பாரிஸ் மாநகரக் கண்காட்சியில், செந்நிறமாகக் காய்ந்த நுனியுடன் உளி சீவிக்கொண்டிருக்க, நீலச் சீவல் இடையறாது வெளிவருவதைக் கண்டு வல்லுநர் வியந்தனர். பின்னர் 1923 ஆம் ஆண்டில் ஜெர்மனியிற் கார்ல் ஷ்ரோட்டர் என்பார், தங்குதன் காபைட்டுத் தூளைக் கோபாற்றுடன் சேர்த்து இறுக்கும் முறைக்கு ஆக்கவுரிமை பெற்றார். குரூப் நிறுவனம் இதனை வைரம்போன்றது என்னும் பொருள்பட ‘விடியா’ என்ற பெயரில் 1920 களின் பிற்பகுதியில் விற்பனைக்குக் கொணர்ந்தது. இது 1,000 பாகையை அண்மிக்கும் வெப்பத்தையும் தாங்கவல்லது. உளியின் வரலாறு முழுவதும் சீவலின் வெப்பத்தோடு மனிதன் நிகழ்த்திய போராட்டமே எனலாம்.

டெயிலரின் பணிக்கு மற்றொரு பக்கமும் உண்டு. எவ்வேகத்திற் சீவுதல் வேண்டும், எத்துணை ஆழம் எடுத்தல் வேண்டும் என்பவற்றைத் தொழிலாளியின் அனுபவத்துக்கு விடாது, அலுவலகத்திற் கணிப்பு அளவுகோலால் வகுத்து அவனுக்குக் கட்டளையாக அனுப்புதலே அவர் முறை. நிறுத்தற் கடிகாரத்தால் வேலையை அளக்கும் அம்முறையை எதிர்த்து, 1911 ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவின் வாட்டர்டவுன் படைக்கலச்சாலையில் வார்ப்புத் தொழிலாளர் வேலைநிறுத்தஞ் செய்தனர். அளந்தறிந்த அறிவு வேண்டப்படுவதே. ஆனால் அவ்வறிவு கட்டளையாக மட்டும் வந்து சேருமாயின், கண்முன்னே சீவலின் நிறம் மாறுவதைக் கண்டும் தொழிலாளி வாளாவிருக்கப் பழகுவான். காரணம் அறிந்தவனோ தன் உளி அழியுமுன்னரே பொறியை நிறுத்துவான்.

காரணமறிதல் கையையும் கண்ணையும் காப்பதற்கும் உதவும். அழகிய தொடர்சீவலே பட்டறையில் மிகவும் ஆபத்தானது. அதன் ஓரம் சவரக்கத்தியினும் கொடிது, அது காய்ந்திருக்கும், சுழலும் தண்டிற் சுற்றிக்கொண்டு கையையும் உடையையும் இழுத்துவிடும். ஆதலால் ஓடும் பொறியில் எந்நிலையிலும் சீவலைக் கையாற் பற்றலாகாது. பொறியை நிறுத்திய பின்னர்க் கொக்கியாலோ தூரிகையாலோ அகற்றுதல் வேண்டும். வார்ப்பிரும்பும் பித்தளையும் சீவுவோர்க்குத் தெறிக்கும் துண்டுகளினின்றும் கண்ணைக் காக்கும் மூக்குக்கண்ணாடி இன்றியமையாதது. மகனீசியத்தின் நுண்சீவல் எளிதிலே தீப்பற்றும். அத்தீயின்மேல் நீரை ஊற்றினால் ஐதரசன் வாயு தோன்றித் தீ பெருகும். அதனை இவ்வுலோகத் தீக்கென அமைந்த உலர்தூளால் மூடியே அணைத்தல் வேண்டும்.

தொடர்சீவலை அடக்குவதற்கு உளிமுகத்தில் நுனிக்குச் சற்றுப் பின்னே சிறு பள்ளமோ மேடோ அமைக்கப்படுகின்றது. சீவல் அதில் முட்டி, இறுக வளைந்து, குறுகிய வளையங்களாக முறிந்து விழுகின்றது. இதுவே சீவல் முறிப்பான். கணினியின் கட்டளைப்படி ஆளில்லாது இரவு முழுவதும் இயங்கும் இக்காலப் பொறிகளிலும் இச்சிறு பள்ளம் இன்றியமையாதது. அளவுகளையெல்லாம் பிழையின்றி நடத்தும் அப்பொறியும், முறியாத சீவலொன்று தண்டிற் சிக்குண்டால் வேலைப்பொருளைக் கெடுத்துவிடும் அல்லது தானே நின்றுவிடும்.

உலோகம் சீவப்படும் விதத்தை அறிய விழையும் மாணவனுக்கு விலையுயர்ந்த ஆய்வுகூடம் வேண்டுவதில்லை. பொறி நின்றபின் குளிர்ந்த சீவலொன்றைக் கவனமாக எடுத்து, திருகுக் கணிச்சியால் அதன் தடிப்பை அளந்து, சீவியெடுத்த படையின் தடிப்போடு ஒப்பிடுவானாயின், சறுக்கல் தளத்தின் சாய்வை அவனே கணக்கிடலாம். உளிமுகத்தை மெருகிட்ட பின்னும், வேகத்தை மாற்றிய பின்னும், எண்ணெயிட்ட பின்னும் மீண்டும் அளந்து நோக்கலாம். சீவல் மெலிந்தால் விசை குறைந்தது எனப் பெரும்பாலும் கொள்ளலாம். தீமேயும் மல்லொக்கும் மேர்ச்சன்டும் கண்ட உண்மையை அவ்வாறு தன் கையால் அளந்து கண்டவன், பட்டறையைக் கூட்டும்போது சீவலைப் பாராது தள்ளமாட்டான்.